தெருவுக்கு ‘ஏஐ கேமரா’ வாங்கலாமா? கோட்டேஷனில் எழுதாத விஷயங்கள்

கேள்வி சுருக்கமாக இது: மதுரை விளாங்குடிப் பக்கம் 200 மீட்டர் நீளத்தில் ஒரு தெரு. இரண்டு பக்கமும் வழி, 45 வீடுகள். அடுத்தடுத்து இரண்டு பைக் திருட்டு நடந்த பிறகு, குடியிருப்போர் சங்கம் வீட்டுக்கு வீடு வசூல் செய்து ‘முகமறியும் ஏஐ கேமரா’ எட்டு மாட்டத் தீர்மானித்திருக்கிறது. கோட்டேஷனில் 2 மெகாபிக்சல் கேமரா, 2.8 எம்.எம். லென்ஸ், 1 டிபி ஹார்டு டிஸ்க், முதல் ஆண்டு கிளவுட் இலவசம். வார்டுப் பிரமுகர் ஒருவர் பாதிச் செலவு தன்னுடையது என்கிறார். “எல்லாமே கமிஷன் வேலையாகத் தெரிகிறது. அரசாங்கமும் கம்பெனியும் சேர்ந்து நம்மை வேவு பார்க்க நாமே காசு கொடுப்பதா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேமராவுக்குக் கொடுங்கள், அந்தக் கோட்டேஷனுக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் சந்தேகத்தில் தப்பில்லை, ஆனால் அது போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. ‘யார் நம்மைப் பார்க்கிறார்கள்’ என்று எல்லாரும் கேட்கிறார்கள். பதிவு எத்தனை நாள் இருக்கும், அதை அழிக்கும் செட்டிங் யார் கையில், பாஸ்வேர்டு யாரிடம், கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டியவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. கண்காணிப்பு அரசியல் முழுக்க இந்த நாலு கேள்விக்குள்தான் இருக்கிறது.

இதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் தந்தை-மகன் இருவரும் தாக்கப்பட்டு இறந்த வழக்கை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து எடுத்தது. நீதிமன்ற உத்தரவுப்படி நிலையத்துக்குப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட் தன் அறிக்கையில் ஒரு தொழில்நுட்ப விவரத்தை எழுதினார். அங்கே கேமரா இருந்தது. ஹார்டு டிஸ்க் 1 டிபி, இடம் தாராளமாக இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு அன்றன்றைக்கே தானாக அழிந்துபோகும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது. கேமரா உடையவில்லை, கரண்ட் போகவில்லை, டிஸ்க் நிரம்பவில்லை. மெனுவில் ஒரு வரியை மாற்றியிருந்தார்கள், அவ்வளவுதான்.

அதே ஆண்டு டிசம்பர் 2-ம் தேதி, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க எல்லாக் காவல் நிலையங்களிலும் இரவிலும் தெரியக்கூடிய, ஒலியும் பதியும் கேமரா வைக்க உத்தரவிட்டது. பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கான கருவி கிடைக்காத நிலையிலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. படிக்க நன்றாக இருக்கும் உத்தரவு. கணக்குப் போட்டால்தான் சிக்கல் தெரியும். ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் மணிக்கு 0.9 ஜிபி, நாளுக்கு 21.6 ஜிபி. 18 மாதத்துக்கு ஒரே கேமராவுக்கு 11 டிபிக்கு மேல் வேண்டும். ஒரு நிலையத்தில் 15 கேமரா என்றால் 170 டிபி தாண்டும். கேமரா வாங்க ஒதுக்கிய பணத்தோடு இந்தச் சேமிப்புக்கும் யார் பணம் ஒதுக்கினார்கள் என்று பார்த்தால், உத்தரவு எங்கே போய் நின்றிருக்கும் என்று ஊகிக்கலாம். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் காவல் நிலையங்களில் கேமரா இயங்காத பிரச்சினையைத் தானாக முன்வந்து மறுபடியும் எடுக்க வேண்டி வந்தது.

மதுரையை ஒட்டிய திருப்புவனம் பக்கம், மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் 2025 ஜூனில் போலீஸ் விசாரணையில் இறந்தபோது தமிழ்நாட்டையே உலுக்கிய வீடியோ எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் மறைந்திருந்து தன் செல்போனில் எடுத்தது அது. டிஸ்க் அவருடையது, டெலீட் பட்டனும் அவருடையது. அதனால் அது மிஞ்சியது.

இனி உங்கள் கோட்டேஷனுக்கு வருவோம். எட்டு கேமரா, தலா 2 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 2 மெகாபிட்) என்று வைத்தால் நாளுக்கு 173 ஜிபி. 1 டிபி டிஸ்க் ஆறு நாளில் நிரம்பி, பழையது அழிந்து புதியது மேலே பதியும். அதுவும் எச்.265 முறையில் சுருக்கினால்தான். மாட்ட வருகிற பையன் அவசரத்தில் பழைய எச்.264 முறையிலேயே 4 எம்பிபிஎஸ் வைத்துவிட்டுப் போனால் மூன்று நாள்கூட வராது. வெள்ளிக்கிழமை ஊருக்குக் கிளம்பிய குடும்பம் அடுத்த வியாழக்கிழமை வந்து ‘பைக்கைக் காணோம்’ என்று சொல்லும்போது பதிவும் காணாமல் போயிருக்கும். கேமராவை ஆறாகக் குறைத்து 4 டிபி போட்டால் 30 நாள் கிடைக்கும். டிஸ்க்கும் கண்காணிப்புக்கென்றே விற்கிற வகையாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கான சாதாரண டிஸ்க், 24 மணி நேரமும் எழுதிக்கொண்டே இருக்கிற வேலைக்குச் செய்யப்பட்டதல்ல. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, காற்றுப் போகாத இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் சித்திரை வெயிலில் அது சீக்கிரமே கைவிடும். டிஸ்க் செத்ததை அது பொருத்தியிருக்கும் பதிவுப் பெட்டி ‘பீப்’ அடித்துச் சொல்லும். சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று முதல் வாரமே அதை ஆஃப் செய்துவிடுவார்கள்.

அடுத்தது லென்ஸ். இதில்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள், ஏமாற்றுவது பல சமயம் விற்பவருக்கே தெரியாமலும் நடக்கிறது. கேமராவுக்கான சர்வதேசத் தரம் ஐ.இ.சி. 62676-4, 2014-ல் ஒரு அளவு வைத்தது. முன்பின் தெரியாத ஒருவரை முகம் பார்த்து அடையாளம் காண, அவர் நிற்கும் இடத்தில் மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும். ஏற்கெனவே தெரிந்தவரை ‘ஆமாம், இவர்தான்’ என்று சொல்ல 125 போதும். ஆள் நடமாட்டம் இருக்கிறது என்று மட்டும் தெரிய 25. இப்போது 2 மெகாபிக்சல் கேமராவின் அகலம் 1920 பிக்சல். 250-ஆல் வகுத்தால் 7.7 மீட்டர். அதாவது படத்தின் அகலம் 7.7 மீட்டருக்கு மேல் போனால் முகத்தை மறந்துவிடலாம். 2.8 எம்.எம். லென்ஸ் நூறு டிகிரிக்கு மேல் விரித்துப் பார்க்கும். அதில் ஆள் மூன்று மீட்டர் தூரத்தில் வரும்போதே அந்த அகலம் வந்துவிடும். ஐந்து மீட்டர் உயரக் கம்பத்தில் அதைக் கட்டினால் மூன்று மீட்டருக்குள் எவனும் வரவே மாட்டான். உங்களுக்குக் கிடைப்பது ஹெல்மெட்டின் உச்சியும் முண்டாசும்தான். அதே கேமராவில் 6 எம்.எம். லென்ஸ் போட்டால் ஏழு மீட்டர் வரை முகம் தெரியும். 12 எம்.எம். போட்டால் 16 மீட்டர் வரை போகலாம், ஆனால் பார்வை குறுகிவிடும்.

ஆகவே 200 மீட்டர் தெருவை முழுதாகப் பார்க்க ஆசைப்படாதீர்கள். உள்ளே வந்தவன் இரண்டு முனைகளில் ஒன்றின் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். முனைக்கு இரண்டு வீதம் நான்கு கேமரா. ஒன்று 2.8 எம்.எம்., என்ன நடந்தது என்று பார்க்க. இன்னொன்று 6 எம்.எம்., யார் என்று பார்க்க. யார் என்று பார்க்கும் கேமராவை இரண்டரை முதல் மூன்று மீட்டர் உயரத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். கைக்கு எட்டுமே என்று பயந்தால் உடையாத கூண்டு வைத்த டோம் வகை இருக்கிறது. மீதி இரண்டு கேமராவைத் தெரு நடுவில் எதிரெதிர்த் திசையில் வையுங்கள்.

வண்டி நம்பர் வேண்டுமென்றால் அது தனிக் கதை. ராத்திரியில் இன்ஃப்ராரெட் வெளிச்சம் பட்டதும் நம்பர் பிளேட் வெள்ளையாக எரிந்துவிடும், ஹெட்லைட் வேறு கண்ணைக் கூசும். ஷட்டரை 1/500 விநாடி அல்லது அதைவிட வேகமாக, ‘ஆட்டோ’வில் விடாமல் நாமே நிலையாக வைத்தால்தான் எழுத்து தெரியும். அப்படி வைத்தால் ஆள் முகம் இருட்டாகிவிடும். ஒரே கேமரா முகமும் பிடிக்கும், நம்பரும் பிடிக்கும் என்று எவராவது சொன்னால், ராத்திரி 10 மணிக்கு அவர் ஏற்கெனவே மாட்டிய தெருவுக்குக் கூட்டிப்போய்க் காட்டச் சொல்லுங்கள். பகலில் எடுத்த டெமோ வீடியோ எதற்கும் உதவாது.

‘ஏஐ’ விஷயத்துக்கு வருகிறேன். ஆள், வண்டி, நாய் என்று பிரித்தறிவது இப்போது சாதாரணக் கேமராவிலேயே வருகிறது. ராத்திரி 1 மணிக்கு மேல் ஆள் வந்தால் அலாரம் அடி என்று வைக்கலாம், பயனுள்ளது. முகமறிதல் அப்படி இல்லை. தெருக்காரர் முகத்தையெல்லாம் முதலில் பதிய வேண்டும். பிறகு பால்காரர், சிலிண்டர் போடுபவர், பூக்காரம்மா, பார்சல் கொண்டுவரும் பையன் எல்லாரும் ‘அந்நியர்’. முதல் நாள் போனில் இருநூறு அலாரம் வரும், பத்தாம் நாள் எல்லாரும் அதை மியூட்டில் போட்டுவிடுவார்கள். அதோடு 45 வீட்டுப் பெண்கள், பிள்ளைகள் முகம் ஒரு கம்பெனியின் சர்வரில் பெயரோடு உட்கார்ந்திருக்கும்.

பெரிய அளவில் போனால் இது இன்னும் மோசம், கணக்கே சொல்லும். ஒரு பஸ் ஸ்டாண்டில் நாளைக்கு ஒரு லட்சம் பேர் கடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘99.9 சதவீதம் துல்லியம்’ என்று விளம்பரம் செய்யும் கருவி, ஆயிரத்தில் ஒருவரைத் தப்பாகக் காட்டினால் நாளைக்கு 100 அப்பாவிகள். தேடப்படுபவர் அன்றைக்கு அந்தப் பக்கமே வராவிட்டாலும் அந்த 100 பேர் நிச்சயம். டெல்லி போலீஸ் 80 சதவீதம் ஒத்துப்போனாலே ‘பொருந்துகிறது’ என்று எடுத்துக்கொள்வதாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் பதில் தந்தது, 2022-ல் அது வெளியே வந்தது. அமெரிக்காவில் டெட்ராய்ட் போலீஸ் 2020-ல் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவரைக் கருவி சொன்னதை நம்பி அவர் வீட்டு முன்னாலேயே, மனைவி பிள்ளைகள் பார்க்கக் கைது செய்தது. கடையில் வாட்ச் திருடியவன் வேறு ஆள். நான்காண்டு கழித்து வழக்கு சமரசத்தில் முடிந்தது. தமிழ்நாட்டில் 2021-ல் காவல்துறைக்கு முகமறியும் மென்பொருள் வந்தது, செய்தது மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் கொல்கத்தா மையம். 2024 மே மாதம் அந்தத் தளத்திலிருந்து தகவல் திருடப்பட்டு இணையத்தின் இருட்டுச் சந்தையில் விலைக்கு வந்தது. நிர்வாகிக் கணக்கு ஒன்றின் பாஸ்வேர்டு பறிபோனதுதான் காரணம் என்று முதற்கட்டமாகச் சொன்னார்கள். உங்கள் பாஸ்வேர்டு வெளியே போனால் மாற்றிக்கொள்ளலாம், முகம் போனால் என்ன செய்வீர்கள்?

இந்தத் துறையில் திருட்டு என்றால் பாஸ்வேர்டு வழியாகத்தான் பெரும்பாலும் வருகிறது, சினிமா ஹேக்கர் வேலை எதுவும் தேவைப்படுவதில்லை. ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராவிலிருந்து பெண்களைப் பரிசோதிக்கும் காட்சிகள் வெளியேறி விற்பனைக்குப் போனது 2025 பிப்ரவரியில் தெரியவந்தது. பாஸ்வேர்டு ‘அட்மின்123’ வகையறா. 2016 அக்டோபரில் அமெரிக்காவில் டுவிட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் முடங்கியதற்குப் பின்னால் இருந்த ‘மிராய்’ என்ற நாச மென்பொருள், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டிவிஆர் பதிவுப் பெட்டிகளையும்தான் படையாகத் திரட்டியிருந்தது. ‘எங்கள் கிளவுடில் வைத்தால் பத்திரம்’ என்பதற்கும் பதில் இருக்கிறது. 2021 மார்ச்சில் வெர்காடா என்ற கிளவுட் கேமரா கம்பெனியின் ஒரே ஒரு நிர்வாகிக் கணக்கு வழியாக மருத்துவமனை, சிறை, தொழிற்சாலை என்று சுமார் ஒன்றரை லட்சம் கேமராக்கள் திறந்துகொண்டன. அமேசானின் ரிங் கேமரா வழக்கில், ஊழியர்களே வீட்டுப் படுக்கையறை வீடியோவைப் பார்த்த குற்றச்சாட்டு வந்தது. 2023-ல் 58 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டார்கள்.

அதனால் முதல் ஆண்டு இலவச கிளவுடை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டாம் ஆண்டு பில் வரும், கட்டாவிட்டால் பழைய பதிவு போகும், அப்போது டிஸ்க் வாங்குவீர்கள். அதை இப்போதே வாங்கலாம்.

மாட்டி முடித்த அன்றே, ஆட்கள் கிளம்புவதற்கு முன்னால், பக்கத்தில் உட்கார்ந்து சில வேலைகளைச் செய்ய வேண்டும். நிர்வாகி பாஸ்வேர்டை சங்கத்தார் தம் கையால் மாற்ற வேண்டும். 14 எழுத்துக்குக் குறையாமல் இருக்கட்டும், தெருப் பெயரும் போன் நம்பரும் வேண்டாம். அதை எழுதிக் கவரில் போட்டு ஒட்டி, தலைவர் ஒரு பிரதி, பொருளாளர் ஒரு பிரதி. மாட்டியவர் “ரிப்பேருக்கு வசதியாக இருக்கும் சார்” என்று தன் கணக்கை விட்டுப்போகப் பார்ப்பார். ரிப்பேர் வந்தால் வந்து கேட்கட்டும். யூசர் பட்டியலைத் திறந்து தெரியாத பெயர் எதுவும் இல்லையென்று பாருங்கள். ரவுட்டரில் யுபிஎன்பி-யையும் போர்ட் ஃபார்வர்டிங்கையும் அணைத்துவிடுங்கள், வெளியே இணையத்திலிருந்து கேமராவுக்குக் கதவு திறப்பவை அவை. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் க்யூஆர் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடக் கூடாது, சில மாடல்களில் அதுவே சாவி மாதிரி. ஃபர்ம்வேருக்கு (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) புதுப்பித்தல் இருக்கிறதா என்று அன்றே பாருங்கள், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. 2021-ல் ஹைக்விஷன் கேமராக்களில் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழையக்கூடிய ஓட்டை வெளிப்பட்டது, புதுப்பித்தவர்கள் தப்பினார்கள்.

45 வீட்டுக்கும் ஆப்பில் நேரலை கொடுப்பது என்ற பேச்சு எழும். வேண்டாம். யார் எப்போது வீட்டை விட்டுக் கிளம்புகிறார், எந்த வீட்டுப் பெண் எத்தனை மணிக்குத் திரும்புகிறாள் என்று 45 போனில் ஓடுவது பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது. இரண்டே பேருக்கு, பதிவை அழிக்கும் உரிமை இல்லாத யூசர் கணக்கு போதும். வீட்டு ஜன்னல், மாடி, வாசல் தெரிகிற பகுதியைக் கருப்புக் கட்டத்தால் மறைக்கும் வசதி பெரும்பாலான மாடல்களில் இருக்கிறது. ‘பிரைவசி மாஸ்க்’ என்று கேளுங்கள்.

சீனக் கேமரா, இந்தியக் கேமரா என்ற பேச்சையும் ஒரு வரியில் முடிக்கலாம். 2025 ஏப்ரல் 9 முதல் இந்தியாவில் விற்கப்படும் கேமராக்களுக்கு அரசின் பாதுகாப்புச் சோதனை கட்டாயம், மென்பொருள் மூல நிரலையும் சோதனைக்குக் காட்ட வேண்டும். டவுன்ஹால் ரோட்டில் அதற்கு முந்தைய சரக்கு ‘ஆஃபர்’ என்று தள்ளப்பட்டால் சான்றிதழ் எண்ணைக் கேளுங்கள். பெட்டியில் நம் கொடி அச்சிட்டிருப்பது சான்றிதழ் ஆகாது.

கேபிளில்தான் கோட்டேஷனை மலிவாக்குவார்கள். செம்பு பூசிய அலுமினியக் கம்பி பார்க்கச் செம்பு போலவே இருக்கும். கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். இதன் கோளாறு விசித்திரமானது. பகல் முழுக்கக் கேமரா ஒழுங்காக ஓடும். பொழுது சாய்ந்து இன்ஃப்ராரெட் விளக்கு எரியத் தொடங்கியதும் இழுக்கும் மின்சாரம் கூடி, நீளக் கம்பியில் வோல்டேஜ் விழுந்து, கேமரா அணைந்து அணைந்து எழும். பகலில் வந்து பார்க்கும் மெக்கானிக் “எல்லாம் ஓகேதான்” என்று போய்விடுவார். திருடனுக்கு வசதியான நேரத்தில் மட்டும் ஓடாத கேமரா அது. நெட்வொர்க் கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பதால் பதிவுப் பெட்டியைத் தெரு நடுவில் உள்ள வீட்டில் வைத்து, இரண்டு முனைக்கும் ஃபைபர் இழுத்து, அங்கே ஒரு சின்ன பிஓஇ ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரமும் தருவது) வையுங்கள். ஃபைபர் மின்சாரம் கடத்தாது. கோடை மழை இடியில் ஒரு முனை எரிந்தாலும் பதிவுப் பெட்டி தப்பிக்க வாய்ப்பு அதிகம். மின்வாரியக் கம்பத்தில் அனுமதி இல்லாமல் கட்டாதீர்கள், லைன்மேன் அறுத்துப்போட்டால் கேட்க முடியாது.

கரண்ட் கட்டுக்கு: ஆறு கேமரா, பெட்டி, ஸ்விட்ச், ரவுட்டர் எல்லாம் சேர்ந்து 65 வாட் வரும். கம்ப்யூட்டருக்கு விற்கும் 600 விஏ யுபிஎஸ்ஸில் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரிதான் இருக்கிறது, முக்கால் மணி நேரம் தாங்கினால் அதிகம். 150 ஆம்பியர்-அவர் பேட்டரி வைத்த வீட்டு இன்வெர்ட்டரில் தனி லைன் எடுத்தால் பாதி பேட்டரியிலேயே பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். முனைகளில் உள்ள ஸ்விட்சுகளுக்கும் அதே லைன் போக வேண்டும், இதை மறந்துவிட்டு ‘பெட்டி ஓடுகிறது, படம் இல்லை’ என்று நிற்பவர்கள் நிறைய.

இன்ஃப்ராரெட் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், வலை கட்டினால் ராத்திரிப் படம் முழுக்க வெள்ளைப் புகையாகத் தெரியும். மாதம் ஒருமுறை நீளக் கம்பில் துணி கட்டித் துடைக்க ஓர் ஆள் வேண்டும். மதுரைக்கே உரிய இன்னொரு தடை ஃபிளெக்ஸ் பேனர். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, தலைவர் பிறந்தநாள் என்று முனையில் எது கட்டினாலும் முதலில் மறைவது கேமராதான். பாதிச் செலவு தரும் பிரமுகரிடம் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள், சங்கத்தின் பெயரில் ரசீது போட்டுக் கொடுங்கள். அவர் பெயர்ப் பலகையை எதிர்ச் சுவரில் மாட்டலாம். ஆனால் பாஸ்வேர்டு, பில், வாரண்டி மூன்றும் சங்கத்தின் பெயரில்தான் இருக்க வேண்டும். அவருடைய ஆள்தான் மாட்டுவார் என்று நிபந்தனை வந்தால் பணமே வேண்டாம்.

நேரம் பற்றி ஒரு எச்சரிக்கை. பெட்டிக்குள் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்து, கரண்ட் போய் வந்தால் தேதி 2000-க்கோ 1970-க்கோ போய்விடும். பிறகு அந்தப் பதிவை எந்த வக்கீலும் ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார். இணையத்திலிருந்து நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் என்டிபி-யை இயக்கி, ஜிஎம்டி +5:30 வைத்து, மாதாமாதம் போன் கடிகாரத்தோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள்.

நீதிமன்றத்தில் இது சாட்சியாக நிற்க, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-ம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். ‘ஏ’ பகுதியில் கருவியை வைத்திருப்பவரும் ‘பி’ பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும், கோப்பின் ஹேஷ் எண்ணையும் எழுத வேண்டும். ஹேஷ் என்பது கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் மாறிவிடும் எண். பென் டிரைவில் எடுத்த உடனே எஸ்எச்ஏ-256 கணக்கிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், விண்டோஸிலேயே அதற்கான கட்டளை இருக்கிறது. பெட்டியின் திரையைச் செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது நியூஸ் சேனலுக்கு ஆகும், கோர்ட்டுக்கு ஆகாது.

போலீஸ் கேட்டால் கொடுக்க வேண்டும், ஆனால் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சம்ஹிதா 94-ம் பிரிவில் நோட்டீஸ் தர வழியிருக்கிறது. பல இடங்களில் பெட்டியையே கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள், வழக்கு முடியும்வரை தெரு குருடு. அதனால் பதிவின் நகலைக் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். டிஸ்க்கையே கேட்டால் டிஸ்க்கை மட்டும் மகஜர் போட்டுக் கொடுத்து, முன்பே வாங்கி வைத்த மாற்று டிஸ்க்கைச் செருகுங்கள். யார் எந்தத் தேதிப் பதிவைப் பார்த்தார், யாருக்கு நகல் போனது என்று ஒரு நோட்டு போடுங்கள். பக்கத்து வீட்டுச் சண்டைக்கும் காதல் விவகாரத்துக்கும் பதிவு கேட்டு வருபவர்கள் போலீஸைவிட அதிகமாக இருப்பார்கள்.

சட்டம் நம்மைக் காக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான கடமைகளுக்கு மேலும் 18 மாத அவகாசம். மத்திய அரசு தான் அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ள அதிலேயே இடம் இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் வழியாகத் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவில் செய்த திருத்தத்துக்கு மட்டும் அவகாசம் தேவைப்படவில்லை, உடனே அமலுக்கு வந்தது. ‘தனிப்பட்ட தகவல்’ என்று சொல்லி அதிகாரி கதவைச் சாத்த இப்போது முன்னைவிட வசதி. குடிமகனைக் காக்கும் பாதி மெதுவாக வரும், அலுவலகத்தைக் காக்கும் பாதி அன்றைக்கே வரும்.

மெயின் ரோட்டில் போலீஸோ மாநகராட்சியோ வைத்த கேமராவில் உங்கள் பைக் பதிந்திருக்கலாம் என்றால் நாளைக் கடத்தாதீர்கள். தகவல் மனுவுக்குப் பதில் தர 30 நாள் இருக்கிறது, பல இடங்களில் பதிவு அதற்குள் அழிந்துவிடும். அதனால் முதல் நாளே, தேதி, நேரம், இடம், எந்தத் திசை பார்த்த கேமரா என்று குறிப்பிட்டு, ‘இந்தப் பதிவை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும்’ என்று நிலைய ஆய்வாளருக்கும் ஆணையர் அலுவலகத்துக்கும் மனு கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள், தபாலிலும் ஒப்புகையோடு அனுப்புங்கள். தகவல் மனு அதற்குப் பிறகு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. முகத்தையோ வீடியோவையோ கேட்டால் மறுப்பார்கள். உங்கள் பகுதியில் எத்தனை கேமரா, அவற்றில் இன்று இயங்குவது எத்தனை, பதிவு எத்தனை நாள் வைக்கப்படுகிறது, பராமரிப்பு ஒப்பந்தம் எந்தத் தேதி வரை என்று கேளுங்கள், இதில் யாருடைய தனிப்பட்ட தகவலும் இல்லை. நாலில் ஒன்றுக்கு மட்டும் பதில் வந்தாலும் அது ஒப்பந்தம் முடிந்த தேதியாக இருந்தால் போதும், மற்ற மூன்றையும் நீங்களே எழுதிக்கொள்ளலாம்.